எங்கே போகிறோம் என்று கேட்க வைத்தவர்: எழுத்தாளர் ஹென்றிக் சென்கியேவிச்

உரோமை நகருக்குத் திருப்பயணம் செல்கிறவர்கள் புனித பேதுரு பேராலயத்தையும் புனித பவுல் பேராலயத்தையும் கண்டு செபித்துவிட்டு, நேரம் இருந்தால் பழைய ஆப்பியா சாலையில் உள்ள சுரங்கக் கல்லறைகளையும் பார்க்கச் செல்வார்கள். அந்தச் சாலையின் ஓரத்தில் ஒரு சிறிய ஆலயம் இருக்கிறது. மக்கள் அதைக் 'குவோ வாதிஸ்' ஆலயம் என்று அழைக்கிறார்கள். எங்கே போகிறீர் என்பது அந்த இலத்தீன் சொற்களின் பொருள். துன்பத்துக்கு அஞ்சி உரோமையை விட்டுப் புறப்பட்ட திருத்தூதர் பேதுரு, உயிர்த்த ஆண்டவரை அங்கே எதிர்கொண்டார் என்பது மிகப் பழைய கிறிஸ்தவ மரபு. திருவிவிலியத்தில் இல்லாத, தொடக்கத் திருச்சபைக் காலத்து நூல் ஒன்றில் இந்த நிகழ்ச்சி சொல்லப்பட்டிருக்கிறது.

அந்த ஆலயத்துக்குள் ஒருவரின் மார்பளவுச் சிலை வைக்கப்பட்டுள்ளது. அவர் புனிதரும் அல்ல, குருவானவரும் அல்ல. செய்தித்தாளில் எழுதி வயிறு வளர்த்து, பிறகு நாவலாசிரியராக உயர்ந்த ஒரு பொதுநிலையினர். போலந்து நாட்டைச் சேர்ந்த ஹென்றிக் சென்கியேவிச் என்பது அவர் பெயர். அவரது வாழ்க்கையை இந்தப் பகுதியில் நாம் சற்று சிந்திப்போம்.

வரைபடத்தில் இல்லாத நாடு

சென்கியேவிச் 1846ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் வோலா ஒக்ஷெய்ஸ்கா என்ற சிற்றூரில் பிறந்தார். அவர் பிறந்தபோது உலக வரைபடத்தில் போலந்து என்ற நாடே கிடையாது. இரஷ்யா, புருஷியா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளும் அதைத் துண்டு துண்டாகப் பங்குபோட்டுக்கொண்டு, 1795ஆம் ஆண்டில் முழுமையாக விழுங்கிவிட்டிருந்தன. சென்கியேவிச்சின் ஊர் இரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது.

குடும்பம் உயர்குடிக் குடும்பம்தான். ஆனால் சொத்துகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போக, பெற்றோர் வார்சா நகருக்குக் குடிபெயர்ந்தனர். இளைஞர் ஹென்றிக் வீடுகளுக்குச் சென்று பாடம் சொல்லிக்கொடுத்துத் தம் படிப்புச் செலவைச் சமாளித்தார். அவருக்குப் பதினேழு வயது நடந்தபோது, 1863ஆம் ஆண்டு சனவரியில், போலந்து மக்கள் இரஷ்ய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். அந்த எழுச்சி நசுக்கப்பட்டது. பலர் தூக்கிலிடப்பட்டனர், ஆயிரக்கணக்கானோர் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டனர். அதன்பின் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இரஷ்ய மொழி திணிக்கப்பட்டது. அச்சேறும் ஒவ்வொரு வரியையும் தணிக்கை அதிகாரிகள் பார்த்தார்கள்.

நாடு, படை, பாராளுமன்றம் எல்லாவற்றையும் இழந்த அந்த மக்களிடம் எஞ்சியவை இரண்டு. ஒன்று அவர்களது கத்தோலிக்க விசுவாசம், மற்றது அவர்களது தாய்மொழி. சென்கியேவிச்சின் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

பத்திரிகையாளர் லித்வோஸ்

வார்சாவில் உயர்கல்வி பயின்றவர், முதலில் மருத்துவமும் சட்டமும் படித்துப் பார்த்து, பின்பு மொழி, இலக்கியம் ஆகியவற்றுக்கு மாறினார். 1871இல் பட்டம் பெறாமலே வெளியேறினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பத்திரிகைகளுக்கு எழுதத் தொடங்கியிருந்தார். 'கசெட்டா போல்ஸ்கா' என்ற நாளிதழில் 'லித்வோஸ்' என்ற புனைபெயரில் வந்த அவரது கட்டுரைகளை வார்சா மக்கள் விரும்பிப் படித்தார்கள். நாடகம், நகரத்து நடப்பு, ஏழைகளின் நிலை, புதிய புத்தகம் என்று எதைப் பற்றியும் அவர் எழுதினார்.

1876ஆம் ஆண்டு அவரது வாழ்வில் ஒரு திருப்பம். புகழ்பெற்ற நடிகை ஹெலனா மோட்ஜெஸ்காவும் அவரது கணவரும் நண்பர்களும் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு குடியிருப்பை அமைத்து, விவசாயம் செய்து வாழலாம் என்று கனவு கண்டார்கள். முன்னதாகச் சென்று நிலைமையைப் பார்த்துவரும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு சென்கியேவிச் கப்பல் ஏறினார். பயணச் செலவுக்கு அவரது பத்திரிகை உதவியது. பதிலுக்கு அவர் பயணக் கடிதங்கள் எழுதி அனுப்பவேண்டும்.

அனகைம் என்ற ஊரில் தொடங்கிய அந்த விவசாயக் கனவு வெகுவிரைவில் கலைந்துபோனது. மேடையில் நடிக்கத் தெரிந்தவர்களுக்கு மாடு கறக்கத் தெரியவில்லை. ஆனால் சென்கியேவிச்சுக்கு அந்தப் பயணம் வீண்போகவில்லை. அவரது அமெரிக்கக் கடிதங்கள் அவரை நாடறிந்த எழுத்தாளர் ஆக்கின. பிழைப்பைத் தேடிக் கடல்கடந்து வந்த போலந்து நாட்டு ஏழை மக்களின் அவலத்தை அவர் அங்கே கண்டார். ஊரில் கேட்ட ஆசை வார்த்தைகளை நம்பி வந்து, மொழி தெரியாமல், உதவ ஆளில்லாமல் அவர்கள் தவித்தார்கள். 'உணவைத் தேடி' என்று பொருள்படும் தலைப்பில் அவர் பின்னர் எழுதிய கதை, அப்படிச் சென்று அழிந்துபோன ஒரு தந்தையையும் மகளையும் பற்றியது.

பத்திரிகையாளர் ஒருவர் எப்படி நாவலாசிரியராக மாறினார் என்பதை இங்கே நாம் காண்கிறோம். செய்தியில் நூறு பேர் அகதிகளாக வந்தார்கள் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். கதையில் அந்த நூறு பேரில் ஒருவருக்குப் பெயர் கிடைக்கிறது, முகம் கிடைக்கிறது. வாசிப்பவர் அவருக்காகக் கண்ணீர் விடுகிறார்.

அமெரிக்காவிலிருந்து திரும்பியபின் அவர் எழுதிய சிறுகதைகள் இப்படிப்பட்டவை. இசைமேல் ஆசைகொண்ட ஓர் ஏழைச் சிறுவன், மாளிகையில் தொங்கிய வயலினைத் தொட்டுப்பார்க்க நுழைந்ததற்காகத் திருடன் என்று அடிக்கப்பட்டு இறந்துபோகிறான். அந்நிய மொழியில் பாடம் படிக்கமுடியாமல் இன்னொரு சிறுவன் உடல் நலிந்து சாகிறான். வார்சாவின் பள்ளிகளைப் பற்றிய கதைதான் அது. இரஷ்யத் தணிக்கைக்குத் தப்புவதற்காகக் கதை நடக்கும் இடத்தைப் புருஷிய ஆட்சியில் இருந்த பகுதிக்கு மாற்றினார். 1881இல் வெளிவந்த 'கலங்கரை விளக்கக் காவலர்' என்ற கதையில், உலகமெல்லாம் அலைந்து களைத்த ஒரு முதியவர் பனாமாவில் விளக்கேற்றும் வேலையில் சேருகிறார். ஒருநாள் தாய்மொழிக் கவிதை நூல் ஒன்று அவர் கைக்கு வருகிறது. அதை வாசித்துத் தம்மை மறந்துபோன அவர் அன்றிரவு விளக்கேற்றத் தவறுகிறார். படகு விபத்துக்குள்ளாகிறது, வேலை போகிறது. ஆனாலும் அந்த நூலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் புறப்படுகிறார்.

நோயுற்ற மனைவியின் அருகில்

1881இல் சென்கியேவிச் மரியா ஷெட்கியேவிச்சைத் திருமணம் செய்தார். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள். 1882இல் 'ஸ்வோவோ' என்ற நாளிதழின் ஆசிரியர் பொறுப்பு வந்தது. அந்தப் பெயருக்குச் சொல் என்று பொருள். அந்த இதழில்தான் 1883 மே மாதம் அவரது முதல் பெரிய சரித்திர நாவலான 'நெருப்பும் வாளும்' தொடராக வரத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து 'பெருவெள்ளம்', 'வோவோடியோவ்ஸ்கி' ஆகிய நாவல்கள் 1888 வரை வெளிவந்தன. இம்மூன்றையும் சேர்த்து மக்கள் முந்நூல் என்று அழைத்தார்கள்.

அந்நியப் படைகள் புகுந்து நாட்டையே அழித்துவிடும் என்று தோன்றிய 17ஆம் நூற்றாண்டில், முன்னோர்கள் எப்படி மீண்டும் எழுந்தார்கள் என்பதே அந்நாவல்களின் பொருள். 'பெருவெள்ளம்' நாவலின் நடுவில் செஸ்டகோவா நகரின் யஸ்னா கோரா துறவு மடம் இருக்கிறது. கறுப்பு மாதா என்று நாம் அறிந்த அன்னை மரியாவின் திருவுருவப் படம் உள்ள திருத்தலம் அது. 1655இல் சுவீடன் படை அதை முற்றுகையிட்டது. மடத்தின் தலைவர் அகுஸ்தின் கொர்தெக்கியின் தலைமையில் துறவிகளும் சிறிய காவல் படையும் தாக்குப்பிடித்தார்கள். டிசம்பர் இறுதியில் எதிரிப் படை விலகிச் சென்றது.

நாவலின் நாயகன் கிமிச்சிச் தொடக்கத்தில் நல்லவன் அல்ல. முரடன், ஊரைக் கொளுத்தியவன், ஏமாந்து துரோகிகளின் பக்கம் நின்றவன். தன் தவற்றை உணர்ந்ததும் அவன் பெயரை மாற்றிக்கொண்டு அந்தத் திருத்தலத்துக்கு வந்து, ஒரு சாதாரண வீரனாக அதைக் காக்கப் போராடுகிறான். ஒப்புரவு அருட்சாதனத்தை அறிந்த நமக்கு இந்தக் கதை புதியதல்ல. நாட்டுப்பற்றும் மனமாற்றத்திலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பதை ஆசிரியர் இங்கே உணர்த்துகிறார்.

இந்த நாவலை எழுதிய நாட்களில் அவரது வீட்டில் வேதனை குடிகொண்டிருந்தது. மனைவி மரியாவைக் காசநோய் பற்றியிருந்தது. அக்காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. நல்ல காற்றைத் தேடி ஊர் ஊராக, நாடு நாடாக அவரை அழைத்துக்கொண்டு அலைந்தார் சென்கியேவிச். சென்ற இடங்களில் எல்லாம் தொடருக்கான அடுத்த பகுதியை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பவேண்டியிருந்தது. 1885 அக்டோபரில் மரியா இறந்தார். திருமணமாகி நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கைக்குழந்தைகள் இருவரையும் வைத்துக்கொண்டு, மனைவியின் பெற்றோரின் துணையோடு அவர் நாட்களைக் கடத்தினார். நாவல் நின்றுவிடவில்லை. மறு ஆண்டு அது நிறைவுபெற்றது.

1888இல் ஒரு வியப்பான நிகழ்ச்சி. பெயர் தெரியாத ஒரு வாசகர் 15,000 ரூபிள் தொகையை அவருக்கு அனுப்பினார். அனுப்பியவர் பெயராக எழுதப்பட்டிருந்தது அவரது நாவலின் நாயகனான வோவோடியோவ்ஸ்கியின் பெயர். அது மிகப் பெரிய தொகை. சென்கியேவிச் அதைத் தமக்காக வைத்துக்கொள்ளவில்லை. காசநோயால் வாடும் எழுத்தாளர்களுக்கும் கலைஞர்களுக்கும் உதவ, தம் மனைவியின் பெயரில் ஒரு நிதியை ஏற்படுத்தினார். தம் துயரத்தைப் பிறருக்கு ஆறுதலாக மாற்றிய இச்செயல், அவரது நாவல்கள் அனைத்தையும்விட உயர்ந்து நிற்கிறது என்றால் அது மிகையாகாது.

அவரிடம் குறைகளே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அவரது சரித்திர நாவல்கள் கசாக் மக்களையும் உக்ரைன் மக்களையும் ஒருதலையாகக் காட்டின என்ற விமர்சனம் அக்காலத்திலேயே எழுந்தது. அதில் நியாயமும் உண்டு. துன்பப்படும் ஓர் இனத்தின் வேதனையை எழுதும்போது, அடுத்த இனத்தின் வேதனை கண்ணில் படாமல் போகும் ஆபத்து எந்த எழுத்தாளருக்கும் உண்டு.

உலகமே வாசித்த நாவல்

சென்கியேவிச் பிறப்பால் கத்தோலிக்கர் என்றாலும், ஐயங்கள் நிறைந்த காலத்தில் வளர்ந்தவர். 1891இல் நூலாக வந்த அவரது 'கோட்பாடு இல்லாமல்' என்ற நாவல், எதையும் உறுதியாக நம்ப முடியாத ஒரு படித்த மனிதரின் நாட்குறிப்பாக அமைந்தது. பணம், அறிவு, நல்ல இரசனை எல்லாம் இருந்தும், எங்கே போவது என்று தெரியாமல் அந்த மனிதர் அழிந்துபோகிறார். அந்தக் கேள்விக்கு மறுமொழி போலவே அடுத்துச் சில ஆண்டுகளில் 'குவோ வாதிஸ்' பிறந்தது.

1893இல் உரோமையில் இருந்தபோது, ஹென்றிக் செமிராட்ஸ்கி என்ற போலந்து ஓவியர் ஆப்பியா சாலைப் பகுதியில் உள்ள ஒரு சிற்றாலயத்தை அவருக்குக் காட்டினார். நீரோ மன்னன் கிறிஸ்தவர்களை உயிரோடு எரித்த கொடுமையை ஏற்கெனவே பெரிய ஓவியமாகத் தீட்டியவர் அவர். ஏற்கெனவே தாசித்துஸ் என்ற உரோமை வரலாற்று ஆசிரியரின் நூலைப் பலமுறை வாசித்து ஊறிப்போயிருந்த சென்கியேவிச்சின் உள்ளத்தில், அங்கே நாவலுக்கான வித்து விழுந்தது. 1895 மார்ச் மாதம் 'கசெட்டா போல்ஸ்கா' இதழில் அது தொடராக வரத் தொடங்கி, 1896இல் நூலாக வெளிவந்தது.

கி.பி. 64இல் உரோமை நகரைத் தீ அழிக்கிறது. நீரோ பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் போடுகிறான். இந்தப் பின்னணியில் வினிசியுஸ் என்ற உரோமைப் படைவீரன், லிகியா என்ற கிறிஸ்தவப் பெண்ணின்மேல் ஆசைகொள்கிறான். அவளை அடைய அதிகாரத்தைப் பயன்படுத்துகிறான். சிறிது சிறிதாக அவள் நம்பும் ஆண்டவரை அறிந்து அவன் மாறுகிறான். லிகியா பிணைக் கைதியாக வளர்ந்த பெண். அவளது இனம் பிற்காலப் போலந்து இருந்த நிலப்பகுதியில் வாழ்ந்ததாக அன்றைய அறிஞர் பலர் கருதினார்கள். ஆகவே பேரரசின் பிடியில் சிக்கிய அந்தப் பெண்ணில், போலந்து வாசகர்கள் தங்கள் நாட்டையே கண்டார்கள். தணிக்கை அதிகாரிகளால் அதைத் தடுக்க முடியவில்லை.

நாவலின் இறுதியை ஒட்டிப் பேதுருவின் காட்சி வருகிறது. நீங்களாவது உயிரோடு இருக்கவேண்டும் என்று மக்கள் கெஞ்சியதால், வயதான பேதுரு ஒரு சிறுவனோடு விடியற்காலையில் நகரைவிட்டுப் புறப்படுகிறார். ஆப்பியா சாலையில் ஆண்டவர் எதிரே வருகிறார். சிறுவனின் கண்ணுக்கு ஒளி மட்டுமே தெரிகிறது. எங்கே போகிறீர் என்று பேதுரு கேட்கிறார். நீ என் மக்களைக் கைவிட்டுப் போவதால், மீண்டும் சிலுவையில் அறையப்பட நான் உரோமைக்குப் போகிறேன் என்ற பொருளில் மறுமொழி கிடைக்கிறது. பேதுரு திரும்பி நடக்கிறார், சிலுவைச் சாவை நோக்கி.

இந்த நாவல் ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டது. இரஷ்யப் பேரரசு பதிப்புரிமை உடன்படிக்கையில் சேராததால், பல நாடுகளில் விற்ற இலட்சக்கணக்கான பிரதிகளுக்கு அவருக்குரிய தொகை கிடைக்கவில்லை. 1913இல் இத்தாலியிலும் 1951இல் அமெரிக்காவிலும் அது திரைப்படமாக வந்தது. போலந்து நாட்டு இயக்குநர் கவலெரோவிச் எடுத்த படம் 2001 ஆகஸ்டு 30ஆம் நாள் வத்திக்கானில், போலந்து மண்ணின் மைந்தரான திருத்தந்தை 2ஆம் யோவான் பவுல் முன்னிலையில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது.

தாய்மொழியில் செபிக்கும் உரிமை

1900ஆம் ஆண்டில் போலந்து மக்கள் தங்களுக்குள் பணம் திரட்டி, ஓப்லெங்கோரெக் என்ற ஊரில் வீடும் நிலமும் வாங்கி அவருக்குப் பரிசளித்தார்கள். அந்த வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. 1905இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பரிசைப் பெற்றபோது, இறந்துவிட்டது என்று உலகம் சொன்ன தம் நாடு இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இது சான்று என்ற கருத்தையே அவர் முன்வைத்தார்.

ஆனால் நம்மைப் போன்ற பங்கு மக்களின் நெஞ்சைத் தொடும் நிகழ்ச்சி வேறொன்று. புருஷிய ஆட்சியில் இருந்த வ்ஜெஷ்னியா என்ற ஊரில், 1901ஆம் ஆண்டு, பள்ளியில் மறைக்கல்வியை ஜெர்மன் மொழியில்தான் படிக்கவேண்டும் என்று ஆணையிட்டார்கள். சிறுவர் சிறுமியர் ஜெர்மன் மொழியில் செபிக்கவும் மறைக்கல்விக் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் மறுத்தார்கள். அதற்காக அவர்கள் பிரம்பால் அடிக்கப்பட்டார்கள். எதிர்த்துக் கேட்ட பெற்றோர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். சென்கியேவிச் அக்குழந்தைகளுக்காகக் குரல் கொடுத்தார். அத்தகைய கொடுமைகள் தொடரவே, 1906இல் ஜெர்மன் பேரரசர் 2ஆம் வில்லியமுக்குத் திறந்த மடல் எழுதினார். நாவலாசிரியராக உலகப் புகழ் பெற்ற பின்பும் அவருக்குள் இருந்த பத்திரிகையாளர் உறங்கிவிடவில்லை. இன்று நம் தாய்மொழியில் திருப்பலி காணவும் செபிக்கவும் முடிகிற நாம், ஒரு செபத்துக்காக அடிவாங்கிய அந்தக் குழந்தைகளை மறந்துவிடக் கூடாது.

இறுதிப் பணி

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. மூன்று பேரரசுகளின் படைகளும் போலந்து மண்ணில்தான் மோதிக்கொண்டன. மூன்று படைகளிலும் போலந்து இளைஞர்கள் இருந்தார்கள். ஊர்கள் எரிந்தன, வயல்கள் பாழாயின, மக்கள் பசியால் வாடினர். 68 வயதான சென்கியேவிச் வீட்டைவிட்டு வெளியேறி, வியன்னா வழியாகச் சுவிட்சர்லாந்து சென்று வெவே நகரில் தங்கினார்.

அவரும் எரிகிற நாட்டைவிட்டு வெளியேறும் சாலையில்தான் நடந்தார். ஆனால் தம் மக்களுக்கு முதுகைக் காட்டவில்லை. 1915 சனவரியில், இசைக் கலைஞர் பதெரெவ்ஸ்கி உள்ளிட்டோரோடு சேர்ந்து, போரால் பாதிக்கப்பட்ட போலந்து மக்களுக்கு உதவும் குழுவை வெவே நகரில் தொடங்கினார். கதை எழுதிய கை இப்போது நாள்தோறும் உதவி கேட்டு மடல்கள் எழுதியது. திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட் இம்முயற்சிகளுக்கு ஆதரவளித்தார். 1915 நவம்பர் 21ஆம் நாள் உலகெங்கும் உள்ள கத்தோலிக்க ஆலயங்களில் போலந்து மக்களுக்காகக் காணிக்கை திரட்டப்பட்டது.

1916 நவம்பர் 15ஆம் நாள் சென்கியேவிச் வெவே நகரிலேயே இதயநோயால் காலமானார். அவர் வாழ்நாளெல்லாம் ஏங்கிய விடுதலையை அவர் காணவில்லை. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1918 நவம்பரில், போலந்து மீண்டும் தனி நாடாக எழுந்தது. 1924இல் அவரது உடல் தாயகத்துக்குக் கொண்டுவரப்பட்டு, வார்சாவின் புனித யோவான் பேராலயத்தின் நிலவறையில் அடக்கம் செய்யப்பட்டது.

நமக்கு ஒரு கேள்வி

சென்கியேவிச்சின் கதைகளில் மனிதர்கள் வழியில் திரும்பி நடக்கிறார்கள். கிமிச்சிச் திரும்புகிறான், வினிசியுஸ் திரும்புகிறான், பேதுருவும் திரும்புகிறார். தவறான வழியில் எவ்வளவு தூரம் போயிருந்தாலும் திரும்ப முடியும் என்பதே, நாடிழந்து சோர்ந்துபோன மக்களுக்கு அவர் கொடுத்த நம்பிக்கை.

எழுதுவதும் பேசுவதும் இன்று எல்லாருக்கும் எளிதாகிவிட்டது. ஒரு நொடியில் நம் சொல் ஆயிரம் பேரைச் சென்றடைகிறது. அந்தச் சொல் யாருடைய கண்ணீரைத் துடைக்கிறது, யாரைக் காயப்படுத்துகிறது என்று நாம் எண்ணிப் பார்க்கிறோமா? நம் பங்கில், நம் தெருவில், வேலை தேடி மொழி தெரியாமல் வந்து தவிக்கிற மனிதருக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு என்று நாம் உணர்கிறோமா? துன்பப்படுகிறவர் இருக்கும் இடத்தைவிட்டு விலகிப்போகும் சாலை எப்போதும் எளிதானது. அதில் நடக்கும்போது எதிரே ஆண்டவர் வந்தால், அவரிடம் கேட்பதற்கு நமக்கும் ஒரு கேள்விதான் இருக்கும். அவர் சொல்லப்போகும் பதிலைக் கேட்டுத் திரும்பி நடக்கும் துணிவை அவரிடமே வேண்டுவோம்.